கணுக்கால், பாத எலும்பு முறிவுகள்: மருத்துவர்களின் தொடர் கல்வி நோயாளிக்கு ஏன் முக்கியம்?

இருசக்கர வாகனத்திலிருந்து விழுதல், கட்டடச் சாரத்திலிருந்தோ மரத்திலிருந்தோ தவறி விழுதல், குளியலறையில் வழுக்குதல், படியில் கால் பிறழ்தல் ஆகியவற்றால் கணுக்காலிலும் பாதத்திலும் எலும்பு முறிவு ஏற்படுகிறது. இது பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தான காயம் அன்று. ஆனால் நின்றும் நடந்தும் உழைத்து வாழ்வோருக்கு, சரியாகக் கூடாத ஒரு கணுக்கால் வாழ்நாள் முழுவதும் வலியையும் வருமான இழப்பையும் தரக்கூடும்.

இத்தகைய முறிவுகளுக்கான சிகிச்சையில் கடந்த பத்தாண்டுகளில் பல மாற்றங்கள் ஏற்பட்டுள்ளன. சில முறிவுகளுக்கு அறுவைச் சிகிச்சையே வேண்டியதில்லை என்றும், வேறு சிலவற்றை முன்பைவிட நுணுக்கமாக ஆராய்ந்தே அறுவை செய்ய வேண்டும் என்றும் புதிய ஆய்வுகள் காட்டியுள்ளன. இம்மாற்றங்கள் நோயாளியைச் சென்றடைய வேண்டுமெனில், பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் ஆன மருத்துவரும் தொடர்ந்து கற்க வேண்டும். அந்தக் கல்வி எவ்வாறு நடைபெறுகிறது, அதன் வரம்புகள் யாவை, நோயாளியும் உடனிருப்போரும் என்ன கேட்கலாம் என்பனவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

சுருக்கமாக

• கணுக்கால் முறிவு அனைத்திற்கும் தகடும் திருகும் தேவையில்லை. மூட்டு நிலையாக உள்ளதா என்பதே முதல் கேள்வி.
• கடுமையான வீக்கம் உள்ள காலில் அறுவைச் சிகிச்சையைச் சில நாள்கள் தள்ளிவைப்பது பாதுகாப்புக்காகவே. அது அலட்சியம் அன்று.
• நடுப்பாதக் காயங்கள் ‘சுளுக்கு’ எனத் தவறாக எண்ணப்படுவதுண்டு. உள்ளங்காலில் இரத்தக்கட்டு தெரிந்தால் மருத்துவரிடம் கட்டாயம் கூறுங்கள்.
• இந்தியாவில் மருத்துவர்கள் 5 ஆண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்று நடப்பிலுள்ள விதி கூறுகிறது. என்ன கற்றார்கள் என்பதை அவ்விதி அளப்பதில்லை.
• உங்கள் சிகிச்சை முடிவைப் பற்றித் தெளிவான கேள்விகள் கேட்பது உங்கள் உரிமை.

ஒரு மில்லிமீட்டர் ஏன் முக்கியம்?

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. காலின் தடித்த எலும்பும் அதன் வெளிப்புறத்தில் உள்ள மெல்லிய எலும்பும் சேர்ந்து கவ்விபோல் நிற்க, அதற்குள் பாதத்தின் தாலஸ் என்னும் எலும்பு பொருந்தியிருப்பதே கணுக்கால் மூட்டு. கணுக்காலின் இருபுறமும் துருத்தித் தெரியும் முண்டுகள் இக்கவ்வியின் இரு கரங்களாகும். இவற்றைத் தசைநார்கள் இறுகப் பிணைத்துள்ளன.

இப்பொருத்தம் மிக நுண்ணியது. தாலஸ் எலும்பு 1 மில்லிமீட்டர் வெளிப்புறம் நகர்ந்தாலே மூட்டின் எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு சராசரியாக 42 விழுக்காடு குறைகிறது என்று 1976-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. உடலின் முழு எடையும் சிறிய பரப்பில் அழுந்தும்போது குருத்தெலும்பு தேய்கிறது. சில ஆண்டுகளில் மூட்டுத் தேய்மானம் வரக்கூடும். மூட்டு விலகியிருந்தால் அதைச் சரியான இடத்தில் நிறுத்தியாக வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

விலகாத, நிலையான முறிவின் கதை வேறு. வெளிப்புற முண்டு மட்டும் முறிந்து, உட்புறத் தசைநார் சிதையாமல் இருந்தால், மூட்டு தன் இடத்திலேயே நிற்கும். அத்தகைய முறிவு அறுவையின்றியே நன்றாகக் கூடும். ஆகவே எக்ஸ்ரே படத்தில் முறிவுக் கோடு தெரிவது மட்டும் அறுவைச் சிகிச்சைக்குக் காரணம் ஆகாது. மூட்டு நிலையாக உள்ளதா என்பதை உறுதிசெய்ய, இயன்றவர்களுக்கு எடையை ஊன்றி நிற்கும் நிலையில் எக்ஸ்ரே எடுக்கும் முறை இப்போது பரவலாகி வருகிறது.

சிகிச்சையில் மாறியவை எவை?

முதியோருக்கு மாவுக்கட்டு

60 வயதைக் கடந்தோரின் எலும்பு மென்மையானது. திருகுகள் பிடிமானம் இழக்கலாம். தோலும் எளிதில் ஆறாது. இவர்களின் நிலையற்ற கணுக்கால் முறிவுகளுக்கு அறுவை சிறந்ததா, உடலோடு ஒட்டி வார்க்கப்படும் சிறப்பு மாவுக்கட்டு சிறந்ததா என்று பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில் 620 பேரிடம் ஆய்வு செய்யப்பட்டது. அதன் முடிவுகள் 2016-இல் வெளியாயின. ஆறு மாதங்களுக்குப் பின் இரு பிரிவினரின் நடமாட்டத் திறனும் ஒரே அளவில் இருந்தது. தொற்றும் காயப்பிளவும் அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கும், மாவுக்கட்டுப் பிரிவினரில் 1 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டன.

இதன் மறுபக்கத்தையும் அறிய வேண்டும். மாவுக்கட்டுப் பிரிவில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பின்னர் அறுவை தேவைப்பட்டது. எலும்பு சற்று விலகிக் கூடியதும் அப்பிரிவிலேயே மிகுதி. மேலும், அந்த மாவுக்கட்டு வழக்கமான ஒன்றன்று. அறுவை அரங்கில் மயக்க மருந்து கொடுத்து, எலும்பைச் சரியான நிலைக்குக் கொண்டுவந்து, குறைந்த அளவு பஞ்சு வைத்து, கால் வடிவோடு பொருந்துமாறு வார்க்கப்பட்டது. இதற்கெனப் பயிற்சி பெற்ற மருத்துவர்களே அதைச் செய்தனர். தகடு பொருத்தும் காலத்தில் பயின்ற மருத்துவர் பலருக்கு இக்கைத்திறனைக் கற்கும் வாய்ப்பே அமைந்திருக்காது. அவர்கள் அதைப் புதிதாகக் கற்க வேண்டியுள்ளது.

குறைந்த காலம், இலகுவான தாங்கி

நிலையான வெளிப்புற முண்டு முறிவுக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு என்பது நெடுங்கால வழக்கம். பின்லாந்தில் 247 பேரிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், மூன்று வாரக் கட்டோ மூன்று வாரத் தாங்கியோ ஆறு வாரக் கட்டுக்குக் குறைந்ததன்று எனத் தெரியவந்தது. பிரிட்டனில் 669 பேரிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான மற்றோர் ஆய்வு, மாவுக்கட்டையும் கழற்றி மாட்டக்கூடிய பூட் வடிவத் தாங்கியையும் ஒப்பிட்டது. 16 வாரங்களின் முடிவில் கணுக்கால் இயக்கத்தில் இவ்விரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

விரைவில் ஊன்றி நடத்தல்

கணுக்கால் அறுவைக்குப் பின் ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்று கூறுவது இன்றும் பல இடங்களில் வழக்கம். பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் 23-இல் 561 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2024-இல் வெளியாயிற்று. இரண்டு வாரத்தில் ஊன்றத் தொடங்கியவர்களின் நிலை, ஆறு வாரம் காத்திருந்தவர்களின் நிலையைவிட எவ்வகையிலும் தாழ்ந்திருக்கவில்லை. சிக்கல்களும் ஒத்த அளவிலேயே இருந்தன. நாள் கூலிக்கு வேலை செய்வோருக்கும் வீட்டில் தனித்திருக்கும் முதியோருக்கும் இந்த நான்கு வார வேறுபாடு சிறியதன்று.

ஆயினும் இது எல்லா முறிவுகளுக்கும் பொருந்தும் விதியன்று. மூட்டின் அடிப்பரப்பு நொறுங்கியவர்கள், தசைநார் பிணைப்புக்கெனத் தனியே திருகு பொருத்தப்பட்டவர்கள், சர்க்கரை நோயால் பாத உணர்வு குன்றியவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் வேறு கால அளவைக் கூறலாம். உங்கள் மருத்துவர் அனுமதிக்கும் முன் ஊன்றாதீர்கள். எப்போது ஊன்றலாம் என்று கேளுங்கள்.

பின்புற முறிவுக்குச் சி.டி. ஸ்கேன்

கணுக்காலின் பின்விளிம்பு உடைந்திருந்தால், அத்துண்டு மூட்டுப் பரப்பில் நான்கில் ஒன்று அல்லது மூன்றில் ஒன்றுக்கு மேல் இருந்தால் மட்டுமே அதைப் பொருத்த வேண்டும் என்று முன்பு கற்பிக்கப்பட்டது. பக்கவாட்டு எக்ஸ்ரேயைக் கொண்டு அதன் அளவு கணிக்கப்பட்டது. இத்துண்டின் உண்மையான அளவையும் வடிவத்தையும் எக்ஸ்ரே சரியாகக் காட்டுவதில்லை என்பது சி.டி. ஸ்கேன் பரவலான பின் தெளிவாயிற்று. இன்று துண்டின் அளவோடு, அது எங்கே அமைந்துள்ளது, மூட்டு அதனால் நிலைகுலைகிறதா என்பனவும் கவனிக்கப்படுகின்றன. அதனை அணுகக் காலின் பின்புறம் வழியே அறுவை செய்யும் முறையை மருத்துவர்கள் பயிலரங்குகளில் கற்று வருகின்றனர்.

குதிகால் எலும்பு

உயரத்திலிருந்து விழுவோருக்குக் குதிகால் எலும்பு நொறுங்குவது வழக்கம். இவர்களில் சிலருக்கு முதுகெலும்பும் முறிந்திருக்கும். ஆகவே முதுகுவலி இருந்தால் உடனே கூற வேண்டும். இம்முறிவுக்கு அறுவை பயன் தருகிறதா என்பது இன்னும் விவாதத்திற்குரியதே. பிரிட்டனில் 22 மருத்துவமனைகளில் 151 பேரிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அறுவை செய்துகொண்டோருக்கும் செய்துகொள்ளாதோருக்கும் வலியிலோ செயல்திறனிலோ வேறுபாடு இல்லை. சிக்கல்களும் மறு அறுவையும் அறுவைப் பிரிவிலேயே மிகுதியாக இருந்தன. பாதத்தின் வடிவமே பெரிதும் சிதைந்தவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு அறுவை தேவைப்படலாம். யாருக்கு அறுவை, யாருக்கு வேண்டாம் என்று தேர்ந்தெடுப்பதே இங்கு மருத்துவரின் திறமை.

கற்பித்தலே தவறான வழியில் செல்லக்கூடுமா?

எலும்பு முறிவு அறுவைச் சிகிச்சையில் உலக அளவில் பெரும் செல்வாக்குப் பெற்ற கல்வி முயற்சி சுவிட்சர்லாந்தில் தோன்றியது. 1958-இல் அந்நாட்டு அறுவை மருத்துவர்கள் சிலர் ஏ.ஓ. என்னும் ஆய்வுக் குழுவை நிறுவினர். 1960-இல் தாவோஸ் நகரில் முதல் பயிற்சி வகுப்பை நடத்தினர். எலும்பு மாதிரிகளில் தாமே தகடு பொருத்திப் பழகும் முறை அங்கிருந்து உலகெங்கும் பரவியது. எலும்புத் துண்டுகளைச் சரியாக இணைத்து, உறுதியாகப் பொருத்தி, மூட்டை விரைவில் அசைக்க வேண்டும் என்பதே அவர்கள் கற்பித்த கொள்கை. எண்ணற்றோர் ஊனமின்றி நடமாட அது உதவியது.

எனினும், ஒரு பாடம் அது பிறந்த சூழலைவிட்டு வேறிடம் செல்லும்போது என்ன நேரும் என்பதற்கும் இதே வரலாற்றில் சான்றுண்டு. கணுக்கால் மூட்டின் மேற்கூரையாக உள்ள எலும்புப் பரப்பு நொறுங்கும் முறிவை உடனடியாகத் திறந்து தகடு பொருத்தினால் நல்ல பலன் கிடைக்கிறது என்று 1969-இல் சுவிஸ் மருத்துவர்கள் அறிவித்தனர். அவர்களின் நோயாளிகளில் பெரும்பாலோர் பனிச்சறுக்கு விளையாட்டில் காயமுற்றவர்கள். அக்காயத்தில் எலும்பு முறிந்தாலும் சுற்றியுள்ள தசையும் தோலும் பெரிதாகச் சேதமடைவதில்லை.

அதே முறை வாகன விபத்திலும் உயரத்திலிருந்து விழுந்தும் காயமுற்றோருக்குப் பிற நாடுகளில் கையாளப்பட்டது. இவர்களின் கால் கடுமையாக வீங்கி, தோல் நைந்திருக்கும். அந்தத் தோலைக் கிழித்துத் தகடு வைத்தபோது காயம் பிளந்தது, சீழ் பிடித்தது. சிலர் காலையே இழந்தனர். பிறகு 1990-களில் இருகட்ட முறை வளர்ந்தது. முதலில் காலுக்கு வெளியே கம்பிச் சட்டம் பொருத்தி எலும்பை நிலைநிறுத்துவர். வீக்கம் வடிந்து, தோலில் சுருக்கங்கள் தெரியும்வரை பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்கள் காத்திருந்து, அதன் பிறகே தகடு பொருத்துவர். இம்முறை குறித்த முக்கிய அறிக்கைகள் 1999-இல் வெளியாயின.

‘ஐந்து நாளாகப் படுக்கையில் வைத்திருக்கிறார்கள், இன்னும் அறுவை செய்யவில்லை’ என்று குடும்பத்தார் கவலையுறுவது இயல்பே. எலும்பு வெளியே தெரியும் திறந்த காயம், இரத்த ஓட்டம் தடைபடுதல், மூட்டு பிசகி நிற்றல் ஆகியவற்றுக்கு உடனடிச் சிகிச்சை தேவை. மற்றபடி, வீங்கிய காலில் அறுவையைத் தள்ளிவைப்பது இத்துறை பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம்.

கண்ணில் படாமல் போகும் முறிவுகள்

மருத்துவர்களின் தொடர் பயிற்சியில் மீண்டும் மீண்டும் வலியுறுத்தப்படும் மற்றொரு பகுதி, முதல் பார்வையில் தவறவிடப்படும் காயங்கள்.

நடுப்பாதத்தில் விரல் எலும்புகளின் அடிப்பகுதி இணையும் இடத்தில் ஏற்படும் காயம் இவற்றுள் முதன்மையானது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் லிஸ்பிராங்கின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. படுத்த நிலையில் எடுக்கும் எக்ஸ்ரேயில் எலும்புகள் இயல்பாகவே தோன்றலாம். ஏறத்தாழ ஐந்தில் ஒரு காயம் முதல் பரிசோதனையில் கண்டறியப்படுவதில்லை என்று மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. நின்ற நிலையில் எடுத்தாலோ, சி.டி. ஸ்கேன் எடுத்தாலோதான் இடைவெளி வெளிப்படும். இக்காயம் கவனிக்கப்படாவிட்டால் பாத வளைவு சரிந்து நிரந்தர வலி ஏற்படலாம். வீக்கத்துடன் உள்ளங்காலில் நீலம்பாரித்த இரத்தக்கட்டு தெரிவது இதன் முக்கிய அறிகுறி.

தாலஸ் எலும்பின் கழுத்துப் பகுதி முறிவது அரிது; ஆனால் இரத்த ஓட்டம் குறைந்த எலும்பாதலால் அதன் ஒரு பகுதி உயிரிழந்துபோகும் வாய்ப்புண்டு. இருசக்கர வாகனத்தின் பின்னிருக்கையில் அமரும் குழந்தைகளின் பாதம் சக்கரக் கம்பிகளில் சிக்கும் காயத்தில், முதல் நாள் சிறிய சிராய்ப்பாகத் தெரிவது சில நாள்களில் ஆழமான தோல் இழப்பாக மாறக்கூடும். எலும்பு முறிவு இல்லையென்றாலும் இக்குழந்தைகளை மறுபரிசோதனைக்கு அழைத்து வருவது இன்றியமையாதது.

அனைவருக்கும் எக்ஸ்ரே தேவை என்பதும் இல்லை. 1992-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் உருவாக்கப்பட்ட விதி இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. கணுக்கால் முண்டுகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ, சுண்டுவிரல் பக்கப் பாத எலும்பின் அடியிலோ, பாதத்தின் உட்பக்க வளைவின் மேலுள்ள எலும்பிலோ அழுத்தினால் வலித்தாலும், காயமுற்ற உடனும் மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்துவைக்க இயலாவிட்டாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மது அருந்தியவர், உணர்வு தெளிவற்றவர், சர்க்கரை நோயால் பாத உணர்வு குன்றியவர் ஆகியோரிடம் இவ்விதியை நம்ப முடியாது. அவர்களுக்கு வலியே தெரியாமல் இருக்கலாம்.

இந்தியாவில் விதி என்ன கூறுகிறது?

மருத்துவர்களின் தொழில் நடத்தை குறித்த 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள், ஒவ்வொரு மருத்துவரும் 5 ஆண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வியில் பங்கேற்க வேண்டும் என்று கூறுகின்றன. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய விதிகளை வெளியிட்டது. 5 ஆண்டுகளுக்கு 30 மதிப்பெண் புள்ளிகள் என்பதோடு, மருந்து நிறுவனங்களின் நிதியுதவியில் நடைபெறும் கல்வி நிகழ்ச்சிகளில் மருத்துவர்கள் பங்கேற்பதற்குக் கட்டுப்பாடுகளும் அவற்றில் இருந்தன. அவ்விதிகள் அதே மாதத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டு, 2002-ஆம் ஆண்டு விதிகள் மீண்டும் நடைமுறைக்கு வந்தன.

கல்வி நிகழ்ச்சிகளை ஏற்று மணிக்கணக்கு வழங்கும் பொறுப்பு மாநில மருத்துவக் கவுன்சில்களுடையது. இதனை எவ்வளவு கண்டிப்புடன் பின்பற்றுவது என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு உள்ளது. ஒப்பிட்டுப் பார்த்தால், பிரிட்டனில் 2012 டிசம்பர் முதல் மருத்துவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தம் உரிமத்தை மறு உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆண்டுதோறும் தம் பணியைப் பற்றிய மதிப்பீட்டுக்கும் உட்பட வேண்டும்.

நோயாளியின் கோணத்தில் இங்கு மூன்று கேள்விகள் எழுகின்றன.

முதலாவது, மணிக்கணக்கு எதைக் காட்டுகிறது? எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் தமக்குத் தேவையான 30 மணி நேரத்தையும் முழங்கால் மாற்று அறுவை பற்றிய கூட்டங்களில் கழித்தாலும் விதி நிறைவேறிவிடும். மாவட்ட மருத்துவமனையில் வாரந்தோறும் கணுக்கால் முறிவைப் பார்ப்பவருக்குக் கணுக்கால் பற்றிய புதிய அறிவு கிடைத்ததா என்பதை அக்கணக்கு கூறாது.

இரண்டாவது, கேட்டறிவது கைத்திறனாக மாறுமா? கல்விக் கூட்டங்கள் மருத்துவர்களின் நடைமுறையை மேம்படுத்துகின்றன. ஆனால் அம்மாற்றம் சிறிதளவே என்று, உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுரைகள் கூறுகின்றன. எலும்பு மாதிரிகளிலோ, தானமாகப் பெறப்பட்ட உடல்களிலோ செய்து பழகுவதும், தம் மருத்துவமனையின் சிகிச்சை முடிவுகளைத் தொகுத்துச் சக மருத்துவர்களுடன் விவாதிப்பதும் கேட்டறிவதைச் செயலாக்க உதவும் வழிகள். எத்தனை காயங்களில் தொற்று ஏற்பட்டது, எத்தனை பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது என்று எண்ணிப் பார்க்கும் பிரிவுக்குத் தன் குறைகள் தெரியவரும்.

மூன்றாவது, செலவை யார் ஏற்கிறார்கள்? பயிலரங்குகளுக்கு அரங்கு, கருவிகள், மாதிரிகள், பயிற்றுநர்கள் என்று பெரும் செலவாகும். தகடும் திருகும் தயாரிக்கும் நிறுவனங்கள் இச்செலவில் பங்கேற்பது உலக வழக்கம். அதனால் பயிற்சி தாழ்ந்துவிடும் என்று கூற முடியாது. ஆயினும் புதிய தகட்டை எவ்வாறு பொருத்துவது என்று கற்பிக்கும் வகுப்புக்கு நிதி எளிதில் கிடைக்கும்; நல்ல மாவுக்கட்டு வார்ப்பது எப்படி, எப்போது அறுவை செய்யாமல் விடுவது என்று கற்பிக்கும் வகுப்புக்கு நிதி தர முன்வருவோர் குறைவு. மேலே கண்ட ஆய்வுகள் பல அறுவையைக் குறைக்கும் திசையில் செல்வதால், இந்த ஏற்றத்தாழ்வு நோயாளிக்கு நேரடியாகப் பொருள் உடையது. மத்திய அரசின் மருந்துத் துறை 2024 மார்ச்சில் வெளியிட்ட சந்தைப்படுத்தல் நெறிமுறை, நிறுவனங்கள் வெளிநாடுகளில் இத்தகைய கல்வி நிகழ்ச்சிகளை நடத்துவதைத் தடைசெய்கிறது. உள்நாட்டு நிகழ்ச்சிகளின் செலவு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்றும் அது எதிர்பார்க்கிறது.

மருத்துவக் கல்லூரிகளும் அரசு மருத்துவமனைகளும் தாமே நடத்தும் பயிற்சிகள் இவ்விடைவெளியை நிரப்பக்கூடியவை. இளநிலை மருத்துவர், செவிலியர், மாவுக்கட்டுப் பணியாளர், இயன்முறை சிகிச்சையாளர் ஆகியோரையும் சேர்த்துக் கற்பிக்கும் பயிற்சியால் மிகுந்த பயன் விளையும். கால் வீக்கத்தை முதலில் காண்பவரும், கட்டு இறுகியிருப்பதை நள்ளிரவில் கவனிப்பவரும் பெரும்பாலும் அவர்களே.

நீங்கள் மருத்துவரிடம் கேட்கக்கூடிய கேள்விகள்

மருத்துவரின் சான்றிதழ்களை ஆராய்வது நோயாளியால் இயலும் செயலன்று. ஆனால் கீழ்க்காணும் கேள்விகளுக்குத் தெளிவான விடை பெறுவது இயலும். புதிய அறிவை ஒட்டிச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் இவற்றை மனமுவந்து விளக்குவார்.

• என் மூட்டு நிலையாக உள்ளதா, விலகியுள்ளதா? அது எவ்வாறு உறுதிசெய்யப்பட்டது?
• அறுவை செய்தால் கிடைக்கும் நன்மை என்ன? செய்யாவிட்டால் என்ன ஆகும்?
• என் வயது, சர்க்கரை நோய், புகைப்பழக்கம் ஆகியவற்றால் காயம் ஆறுவதில் சிக்கல் வருமா?
• சி.டி. ஸ்கேன் அல்லது நின்ற நிலை எக்ஸ்ரே எனக்குத் தேவையா?
• எந்த நாளிலிருந்து காலை ஊன்றலாம்? எவ்வளவு எடை போடலாம்?
• இயன்முறை சிகிச்சை எப்போது தொடங்கும்? வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகள் யாவை?
• இம்முறிவு அரிதானதாயின், பாதச் சிகிச்சையில் அனுபவம் மிகுந்தவரிடம் பரிந்துரைக்க இயலுமா?

மாற்றுக் கருத்துப் பெற விரும்பினால் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களின் நகலையும் சிகிச்சைக் குறிப்பையும் கேட்டுப் பெறலாம். அதனால் மருத்துவர் மனம் வருந்துவார் என்று தயங்க வேண்டியதில்லை.

சாலை விபத்தில் காயமுற்றோர் கவனத்திற்கு

தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், சாலை விபத்தில் காயமுற்றோர் திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்திற்கு வரையறுக்கப்பட்ட உச்சவரம்பு வரை கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். இருகட்ட முறையில் இரண்டாவது அறுவை ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்குப் பின்னரே நடைபெறும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆகவே முதல் நாளிலேயே மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மையத்தை அணுகி, அடுத்த கட்டச் சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்குமா, அரசு மருத்துவமனைக்கு மாற்றப்படுவீர்களா என்று உறுதிசெய்யுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

காயமுற்ற காலை நெஞ்சு மட்டத்திற்கு மேல் உயர்த்தி வையுங்கள். வீங்கிய கணுக்காலைச் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து உருவுவதும், தப்பை வைத்து இறுகக் கட்டுவதும் ஆபத்தானவை. இறுகிய கட்டுக்குள் வீக்கம் மிகும்போது இரத்த ஓட்டம் நின்று தசைகள் அழியக்கூடும். சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்திருங்கள். புகைபிடித்தலை நிறுத்துங்கள், அது எலும்பு கூடுவதையும் காயம் ஆறுவதையும் தாமதப்படுத்துகிறது.

கீழ்க்காணும் அறிகுறிகள் தோன்றினால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தேவையெனில் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

• மருந்து உட்கொண்டும் தணியாமல் வலி கூடிக்கொண்டே போதல். விரல்களை அசைத்தால் தாங்க முடியாத வலி
• விரல்கள் மரத்துப்போதல், குளிர்தல், வெளிறுதல் அல்லது நீலமாதல்
• கட்டிலிருந்து துர்நாற்றம், சீழ், இரத்தக் கசிவு; காய்ச்சல்
• கெண்டைக்கால் வீங்கி வலித்தல். திடீர் மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி

சுளுக்கு என்று கூறி அனுப்பப்பட்ட பின் ஒரு வாரம் கடந்தும் காலை ஊன்ற இயலாவிட்டால் மீண்டும் பரிசோதனைக்குச் செல்லுங்கள். முதல் எக்ஸ்ரேயில் தெரியாத முறிவு அப்போது கண்டறியப்படலாம். காலம் தாழ்த்தாமல் கண்டறிந்தால் பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. உங்கள் காயத்திற்குரிய சிகிச்சையை உங்களைப் பரிசோதித்த மருத்துவரே முடிவு செய்ய இயலும். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.